சந்தையும் சட்டியும்



உணவுக் குறை என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை வறண்ட வயலும் வெடித்த ஏரியுமே ஆகும். விளைச்சல் இல்லாத இடத்தில்தான் பசி இருக்கும் என்று இளமையிலிருந்தே எண்ணிப் பழகிவிட்டோம். காய்கறி மலைபோல் குவிந்து கிடக்கும் இடத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தை நல்லுணவின்றி வாடக்கூடுமா? கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் நாள்தோறும் பேருந்து மாறும் சிவாஜிநகரைச் சற்று நின்று பார்த்தால் போதும்.

நான் வடாற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து மேற்படிப்பிற்காகப் பெங்களூர் வந்து, சிவாஜிநகரில் என் சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன். உயிர்வேதியியல் பயில்கிறேன். புரதம், உயிர்ச்சத்து என்று பகலில் வகுப்பில் கற்பது ஒருபுறம். மாலையில் எங்கள் தெருவில் காண்பது மற்றொருபுறம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சியே இது.

இடமும் மக்களும்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். படை வந்த இடத்திற்குப் பண்டம் விற்போரும், கட்டட வேலை செய்வோரும், வீட்டு வேலை செய்வோரும் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழர். தருமராஜா கோயில் தெரு, மீனாட்சி கோயில் தெரு என்னும் பெயர்கள் இன்றும் அவ்வரலாற்றைச் சொல்லுகின்றன. இங்கே தமிழும் உருதுவும் கன்னடமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். 1949இல் படைப்பகுதியும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

இப்பகுதியின் நடுநாயகமாக நிற்பது ரசல் சந்தை. 1927ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடத்திற்கு, அக்காலத்து நகராட்சி ஆணையராக இருந்த ரசல் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. 2012 பிப்ரவரியில் பெருந்தீ ஒன்று பல கடைகளை எரித்தது. ஆயினும் சந்தை மீண்டெழுந்தது. காய், கனி, கீரை, மீன், இறைச்சி, பூ ஆகிய எல்லாம் இங்கே கிடைக்கும். கோலார், மாலூர், ஒசக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள் பெங்களூருக்கு அனுப்பும் காய்கறிகளை இங்கே குவியல் குவியலாகக் காணலாம்.

ஆகவே, சிவாஜிநகரில் உணவு இல்லை என்று எவரும் சொல்லத் துணியார். மேல்நாட்டார் ‘உணவுப் பாலைவனம்’ என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். நல்ல காய்கனி விற்கும் கடையே அருகில் இல்லாத ஏழைக் குடியிருப்புக்கு 1990களில் பிரிட்டனில் வழங்கத் தொடங்கிய பெயர் அது. நம் சிவாஜிநகருக்கு அப்பெயர் பொருந்தாது. இது பாலைவனம் அன்று. நீர் நிறைந்த கிணறு. ஆனால் எல்லோரிடமும் கயிறு இல்லை.

ஒரு சிறு கணக்கு

உடலுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் காண்போம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் உண்ண வேண்டிய அளவு இது: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது அதற்கு ஈடான முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லிலிட்டர்.

இதை நால்வர் உள்ள குடும்பத்திற்குப் பெருக்கிப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு நால்வரையும் பெரியவர்கள் என்றே கொள்வோம். மாதம் ஒன்றுக்குத் தானியம் 30 கிலோ. காய்கறி 48 கிலோ. பருப்பு வகை ஏறக்குறைய 10 கிலோ. பழம் 12 கிலோ. பால் 36 லிட்டர். இனி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்பத்தினருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அதற்கு விலையும் இல்லை. நால்வருக்கு 20 கிலோ. அதாவது, தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை ரேஷன் கடையே தீர்த்துவிடுகிறது. இது சிறிய உதவி அன்று. எத்தனையோ வீட்டு அடுப்பு இதனால்தான் எரிகிறது. ஆனால் அந்த 48 கிலோ காய்கறிக்கும் 12 கிலோ பழத்திற்கும் அந்த மத்தியச் சட்டத்தில் இடம் இல்லை. அவற்றை நாட்கூலியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

இதனால் நேர்வது என்ன? வயிறு நிறைகிறது, உடல் நிறைவதில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 48 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேருக்கு மேல் அக்குறை இருந்தது. இரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் உணவில் இரும்புச்சத்துக் குறைவது அவற்றுள் முதன்மையானது.

சோறு மட்டும் போதாது என்பது புதிய செய்தி அன்று. நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் தொடங்கிய சிறு ஆய்வகமே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றைத் தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய தென்னாட்டு உணவைத் தின்றவை மெலிந்தன. குற்றம் அரிசியினுடையதன்று, அரிசியோடு வேறொன்றும் சேராததே குற்றம்.

கயிறு எங்கே அறுந்தது?

சந்தையில் காய் இருக்கிறது, சட்டியில் இல்லை. இடையில் உள்ள தடைகள் எவை? எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். நான்கு வீடுகளில் வேலை செய்பவர். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மாலை விளக்கு வைத்த பிறகே திரும்புவார். “ஏன் அக்கா, சந்தை பக்கத்திலேயே இருக்கிறதே, கீரை வாங்கக்கூடாதா?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கீரை விக்கிறவங்க இருக்காங்க தம்பி. அதை ஆயறதுக்கு நேரம் விக்கிறவங்க எங்கே இருக்காங்க?”

அந்த ஒரு சொல்லில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. கீரையின் குணத்தை அந்த அக்காவுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. முருங்கை, பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, அரைக்கீரை என்று அவர் அடுக்கிய பெயர்களில் பாதிதான் எனக்குத் தெரியும். ஏழைக்கு அறிவு இல்லை, அதனால் நல்லுணவு உண்பதில்லை என்று படித்தவர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் என் நினைவிற்கு வருகிறது. தடைகள் வேறு.

முதல் தடை நேரம். கீரையை ஆய்ந்து, கழுவி, அரிந்து, சமைக்க ஒரு மணி நேரம் ஆகும். பன்னும் தேநீரும் வாங்க ஐந்து நிமிடம் போதும். பசித்து வரும் குழந்தைக்கு முன்னால் எது வெல்லும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது தடை சிறு கொள்முதல். மாதச் சம்பளக்காரர் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கிலோக் கணக்கில் வாங்குவார்; பேரம் பேசுவார்; மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைப்பார். நாட்கூலிக்காரர் கையில் அன்றைய காசு மட்டுமே உண்டு. வீட்டில் குளிர்ப்பெட்டியும் இல்லை. ஆகவே அவர் கூறு கட்டி வைத்த காயையே வாங்குகிறார். கூற்றில் எடை இல்லை. எடுத்து நிறுத்துப் பார்த்தால், ஏழை கொடுத்த விலை பல நாட்களில் பணக்காரர் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மூன்றாவது தடை அடுப்பும் நீரும். பத்தடி அறையில் ஒற்றை அடுப்பு. குழாயில் நீர் வரும் நேரம் ஒன்று, வீட்டுக்காரி வரும் நேரம் வேறொன்று. துவரையும் கொள்ளும் வேக எரிவாயு வேண்டும். கீரையை மண் போகக் கழுவ மூன்று பாத்திரம் நீர் வேண்டும். சோறு வடித்து ஒரு குழம்பு கூட்டுவதோடு சமையல் முடிந்துவிடுவது இதனாலேயாம்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்தார். அவ்வாண்டு வங்கத்தில் இருந்த உணவின் அளவு, பஞ்சம் இல்லாத 1941ஆம் ஆண்டைவிடக் குறைவாக இல்லை என்று காட்டினார். உணவு இருந்தது, அதைப் பெறும் வலிமை மக்களிடம் இல்லாமற்போயிற்று என்பது அவர் கண்ட முடிவு. சிவாஜிநகரின் நிலையைப் பஞ்சம் என்று சொல்வது மிகை. ஆயினும் ‘பொருள் இருப்பது வேறு, பெற முடிவது வேறு’ என்ற அவ்வுண்மை இங்கும் பொருந்துகிறது. அமெரிக்காவிலும் இதற்குச் சான்று உண்டு. ஏழைக் குடியிருப்புகளில் பெரிய கடைகள் புதிதாகத் திறக்கப்பட்ட பிறகும், அங்குள்ளோர் வாங்கும் உணவின் தரம் பெரிதாக மாறவில்லை என்று 2019இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கடை மட்டும் வந்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வழிகள் உண்டா?

உண்டு. முன்னரே பிறர் நடந்து பார்த்த வழிகளே அவை.

பிரேசில் நாட்டில் பெலோ ஹொரிசோன்டே என்றொரு நகரம். 1993இல் அந்நகராட்சி உணவுக்கென்றே ஒரு துறையை அமைத்தது. நகரின் நல்ல இடங்களில் வணிகருக்குக் கடை வைக்க இடம் தந்தது. அதற்கு ஈடாகச் சில காய்கனிகளை நகராட்சி குறித்த குறைந்த விலையில் விற்க வேண்டும் என்று விதித்தது. மக்கள் உணவகங்களையும் நடத்தியது. நியூயார்க் நகரம் 2008இல் வேறொரு வழியை மேற்கொண்டது: பசுங்காயும் பழமும் மட்டுமே விற்கும் தள்ளுவண்டிகளுக்கு, அவை குறைவாகக் கிடைக்கும் பகுதிகளில் தனி உரிமம் வழங்கியது. பெரும் நகரம் ஒன்று தள்ளுவண்டியைத் தேடிப் போயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் ஊரிலோ தள்ளுவண்டியைத் தெருவிற்கு இடையூறு என்று விரட்டுவதே வழக்கமாயிருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம், நகரந்தோறும் வணிகக் குழு அமைக்கச் சொல்லுகிறது. அக்குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வணிகரே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். காய்கறி வண்டிகள் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணிவரை பேருந்து நிலையத்தை ஒட்டியும் சிறு தெருக்களிலும் நிற்க அக்குழு இடம் குறித்துக் கொடுத்தால், வேலை முடிந்து திரும்பும் அக்காவின் வழியிலேயே சந்தை வந்து நிற்கும்.

கூறு விலைத் தடைக்கும் மருந்து உண்டு. மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14ஆம் நாள் தொடங்கிய முதல் உழவர் சந்தையை நம்மில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அறிவர். உழவரே நேரில் விற்பர்; விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும்; எடை சரியாக இருக்கும். பெங்களூரிலும் 1959இல் பிறந்த தோட்டக்கலைக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. ‘ஹாப்காம்ஸ்’ என்று எல்லோரும் அறிந்த கடை அது. கால் கிலோ வாங்கினாலும் பலகையில் எழுதிய அதே விலைதான். இத்தகைய கடை, நெருக்கமான தெருக்களின் வாயிலில் மாலை நேரத்தில் திறந்திருந்தால் ஏழைக்குப் பெரும் துணையாகும்.

நேரத் தடையைப் போக்குவது எப்படி? ஆய்ந்து கழுவிய கீரை, முளைகட்டிய பயறு, அரிந்த காய் ஆகியவற்றை மகளிர் சுய உதவிக் குழுவினர் சிறு பொட்டலங்களாக விற்கலாம். இது இன்று பெரிய அங்காடிகளில் செல்வர்க்கு மட்டும் கிடைக்கும் வசதி. நேரம் மிகவும் தேவைப்படுகிறவருக்கு அது கிடைக்கவில்லை என்பது விந்தையே! சமைத்த உணவிற்கோ வழி முன்பே காட்டப்பட்டிருக்கிறது. சென்னையில் 2013இல் அம்மா உணவகங்களை மகளிர் குழுக்களே நடத்தத் தொடங்கின. பெங்களூரில் 2017 ஆகஸ்ட் 16ஆம் நாள் இந்திரா உணவகங்கள் தோன்றின. காலை உணவு 5 ரூபாய், மதிய உணவும் இரவு உணவும் 10 ரூபாய் என்ற விலையில் அவை தொடங்கின. இவ்வுணவகங்களின் தட்டில் சோற்றோடு நாள்தோறும் ஒரு கரண்டிக் கீரையும், கெட்டியான பருப்பும் சேர்ந்தால், அடுப்பும் நீரும் இல்லாத வீட்டாருக்கு அதுவே பெரிய வைத்தியம்.

ரேஷனும் மாறிவரத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில், கூடுதலாகத் தந்துவந்த 5 கிலோ அரிசிக்குப் பதிலாகப் பருப்பு, எண்ணெய் முதலியவை அடங்கிய பையைத் தர முடிவெடுத்தது. அரிசி மட்டும் போதாது என்ற கருத்து ஆட்சிமன்றம் வரை எட்டிவிட்டது என்பதற்கு இம்முடிவு அடையாளம்.

அடுப்படிக்குச் சில குறிப்புகள்

மாற்றங்கள் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. இவை நம் விடுதி அறைகளுக்கும் பொருந்தும். நம்மில் எத்தனை பேர் பப்ஸும் தேநீருமாகப் பகலுணவை முடிக்கிறோம் என்பதை நாமே அறிவோம்.

கன்னட நாட்டின் செல்வமாகிய ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. ஊறவைத்து உண்ண அடுப்பே வேண்டாம். கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதனோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால், ‘சி’ உயிர்ச்சத்தின் துணையால் கூடுதலாக ஏற்கும். தேநீரோ அதற்கு எதிரி. உணவோடு குடித்தால் இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நன்று. கீரையைக் கழுவிய பிறகு அரிய வேண்டும். அரிந்த பிறகு கழுவினால் சத்து நீரோடு போய்விடும். சிறிது எண்ணெய் சேர்த்தால்தான் கீரையிலுள்ள ‘ஏ’ உயிர்ச்சத்தின் மூலப்பொருள் உடலில் சேரும். பயறு முளைகட்டும்போது, இரும்பைப் பிணித்து வைக்கும் பொருள் குறைகிறது. விரைவில் வெந்தும் விடுகிறது.

நம் கடமை

தமிழ் மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்க விரும்புகிறேன். சிவாஜிநகரிலும் அதைச் சுற்றியும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்துள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரில் உள்ள ரேஷன் அட்டை இங்கே செல்லாது என்றே அவர்களில் பலர் எண்ணியிருக்கின்றனர். அது தவறான எண்ணம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்னும் திட்டத்தில் கர்நாடகமும் தமிழ்நாடும் 2020இலேயே சேர்ந்துவிட்டன. முன்னுரிமைக் குடும்ப அட்டை உடையவர், ஆதார் இணைந்திருந்தால், அட்டை எண்ணைச் சொல்லிக் கைரேகை வைத்து, இங்குள்ள நியாயவிலைக் கடையிலேயே மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தைப் பெறலாம். தமிழ்நாடு அரசு தனியே தரும் பருப்பும் எண்ணெயும் மட்டும் எல்லை தாண்டி வாரா. ஆயினும் அரிசிக்குக் கொடுக்கும் காசு மிஞ்சுமானால், அது காய்கறிக்கு ஆகும் அல்லவா?

வாரத்தில் ஒரு மாலை மூன்று மாணவர்கள் சென்றால் போதும். அட்டை எந்த வகையைச் சேர்ந்தது, ஆதார் இணைந்துள்ளதா என்று பார்த்துச் சொல்லலாம். கன்னடம் அறிந்த நண்பர் ஒருவர் உடன் வந்தால் கடைக்காரரிடம் பேசுவது எளிதாகும். உருது பேசும் அண்டை வீட்டாரும் வெளியூரிலிருந்து வந்தவராயின், அவர்க்கும் இதே உதவியைச் செய்யலாம். பசிக்கு மொழி வேறுபாடு இல்லை. அப்படியே கூற்றின் விலையையும் நிறுத்துப் பார்த்துக் குறித்து வைத்தால், மாநகராட்சியிடம் மாலைச் சந்தை கேட்கச் செல்லும் நாளில் நம் கையில் வெறும் மனு மட்டுமன்றிக் கணக்கும் இருக்கும்.

சொற்பொழிவுக்கு ஆள் சேர்ப்பது எளிது. இதற்குச் சேர்வது சற்று அரிதுதான். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் நான் இருப்பேன். விருப்பமுள்ள இருவர் வந்தால், மூவராகப் புறப்படலாம்.